டால்மியாபுரத்தின் டால்மியா யார்?

2024 டிசம்பரில் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் அல்ட்ராடெக் வசமானது. நிறுவனர் தரப்பிடமிருந்த 32.72 விழுக்காடு பங்குகள் ரூ.3,954 கோடிக்குக் கைமாறின. 1946-இல் சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் தொடங்கிய ஒரு தமிழ்நாட்டு நிறுவனத்தின் கதையில் ஓர் அத்தியாயம் அத்துடன் முடிந்தது. அந்த நிறுவனத்தின் ஆலைகளுள் ஒன்று அரியலூர் மாவட்டம் தளவாயில் இருக்கிறது. பங்கின் விலை, உற்பத்தித் திறன், சந்தையில் கிடைக்கும் இடம் என்று வணிகச் செய்திகள் அனைத்தையும் கணக்கிட்டுச் சொல்லின. ஆனால், ஆலையை நம்பி லாரி வாங்கியவரும், ஒப்பந்தத் தொழிலாளியும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பமும் இத்தகைய நேரங்களில் கேட்கும் கேள்வி வேறு. வருகிறவர் எப்படிப்பட்டவர்?

இந்தக் கேள்விக்கு ஐந்தொகைக் குறிப்பில் விடை இருப்பதில்லை. வாங்குபவரின் குணமும், அவருடைய உறவுகளும், அவர் எதற்காக வாங்குகிறார் என்பதும் ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. அவை பின்னர்தான் தெரியவருகின்றன. அரியலூர் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. முதல் சிமென்ட் ஆலை இங்கே வந்தபோதே அதைத் தன் பெயரோடு சேர்த்துக் கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. தமிழர்கள் அனைவரும் கேள்விப்பட்ட பெயர் அது. ஆனால் அந்த மனிதரைப் பற்றி நம்மில் பலரும் அறிந்ததில்லை. அவர் ராமகிருஷ்ண டால்மியா.

பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தவை. அந்தக் கடல் விட்டுச்சென்ற கிளிஞ்சல்களும் சிற்றுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியதே இங்குள்ள சுண்ணாம்புக்கல். சாத்தனூரின் கல்மரம் அக்காலத்தின் சாட்சி. நிர்வாக வரைபடத்தில் இணைப்பையும் பிரிவையும் இவ்வளவு அனுபவித்த பகுதியும் வேறு இல்லை. திருச்சியிலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்தது. மறு ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டது. 2007-இல் மீண்டும் பிரிந்தது. ஆட்சியர் அலுவலகம் வந்து, போய், திரும்பி வந்ததைக் கண்டவர்களுக்கு, நிறுவனங்களின் பெயர்ப்பலகை மாறுவது பெரிய வியப்பைத் தராதுதான். கல்லக்குடி இன்றும் திருச்சி மாவட்டத்திலேயே இருக்கிறது என்றாலும், அரியலூரிலிருந்து தெற்கே செல்லும் அதே ரயில் பாதையில், அதே சுண்ணாம்புப் படிவத்தின் மீது இருக்கும் ஊர் அது.

ராமகிருஷ்ண டால்மியா 1893-இல் ராஜஸ்தானத்தின் சிராவா என்ற ஊரில் பிறந்தார். வறுமை அறிந்த மார்வாரிக் குடும்பம். இளமையிலேயே கல்கத்தாவுக்கு வந்து தாய்மாமனின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பெரிய படிப்பு இல்லை. ஆனால் எண்களின் மீதும் அதிர்ஷ்டத்தின் மீதும் தீராத ஈர்ப்பு இருந்தது. வெள்ளி விலையில் ஊக வணிகம் செய்து கையிலிருந்ததை இழந்தார். கடனாளி என்று பெயர் வாங்கினார். அவருடன் வணிகம் செய்யவே மற்றவர்கள் தயங்கிய காலமும் இருந்தது. பிறகு அதே வெள்ளியே அவரைத் தூக்கி நிறுத்தியது. வாழ்நாள் முழுவதும் அவர் எடுத்த முடிவுகளுக்குப் பின்னால் இந்த அனுபவம் நின்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பந்தயத்தில் இழந்ததை அதைவிடப் பெரிய பந்தயத்தில் மீட்டுவிடலாம் என்று இளமையில் கற்றுக்கொண்டவர், முதுமையிலும் அதை மறக்கவில்லை.

1932-இல் சர்க்கரைத் தொழிலுக்கு அரசு பாதுகாப்புச் சுங்கம் விதித்தது. டால்மியா ஊக வணிகத்திலிருந்து ஆலைத் தொழிலுக்கு வந்தார். பிகாரில் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். சோன் ஆற்றங்கரையில் டெஹ்ரி அருகே ரோத்தாஸ் இண்டஸ்ட்ரீஸ் எழுந்தது. சர்க்கரை, காகிதம், சிமென்ட் என்று வளர்ந்த அந்த ஆலை நகருக்கு டால்மியா நகர் என்று பெயர்.

இந்த வளர்ச்சி ஒருவரால் ஆனதன்று. அதே 1932-இல் தம் மகள் ரமாவை நஜிபாபாத் சாகு குடும்பத்துச் சாந்தி பிரசாத் ஜெயினுக்கு மணம் செய்து கொடுத்தார். படித்த, நிதானமான, கணக்கிலும் நிர்வாகத்திலும் தேர்ந்த மருமகன். தம்பி ஜெய்தயாள் வேறு வகை: இயந்திரங்களை நேசித்தவர். சிமென்ட் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற டென்மார்க்குக்கு நேரில் சென்று, அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்று வந்தவர். அண்ணன் வாங்குபவர், தம்பி கட்டுபவர், மருமகன் நடத்துபவர். டால்மியா - ஜெயின் குழுமம் என்பது உண்மையில் இந்த மூன்று குணங்களின் இணைப்பு. அதைக் கட்டி வைத்திருந்த ஒப்பந்தம் கல்யாணப் பத்திரிகை மட்டுமே.

சிமென்டில் அவர் நுழைந்த காலம் விசித்திரமானது. இந்தியாவின் பெரிய தொழில் இணைப்புகளில் முதன்மையானது அப்போதுதான் நிகழ்ந்தது. விலையைக் குறைத்துக் குறைத்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த பத்து சிமென்ட் நிறுவனங்கள், 1936 ஆகஸ்ட் 1 அன்று ஏ.சி.சி. என்ற ஒரே நிறுவனமாயின. டாட்டா, கட்டாவ், கில்லிக் நிக்சன் என்று ஒத்துப்போகாத பல தரப்புகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர் எஃப்.இ. டின்ஷா என்ற பார்சி வழக்கறிஞர், நிதியாளர். பலருக்கும் கடன் கொடுத்தவர், பலருக்கும் ஆலோசனை சொன்னவர். ஆகவே போட்டியாளர்கள் எல்லோரும் நம்பக்கூடியவராக அவர் ஒருவரே இருந்தார். இணைப்பு நிறைவேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1936 ஜனவரியில் அவர் மறைந்தார்.

டின்ஷா பத்து ஆண்டுகள் பேசிப் பேசி உருவாக்கிய அமைதியை டால்மியா ஓரிரு ஆண்டுகளில் கலைத்தார். டால்மியா நகர், பஞ்சாபின் தண்டோட், கராச்சி, தாத்ரி, கல்லக்குடி என்று நாட்டின் நான்கு திசைகளிலும் ஆலைகளை எழுப்பினார். சிமென்ட் விலை மீண்டும் சரிந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் இரு தரப்பும் சேர்ந்து விற்பனை செய்ய உடன்பட்டன. தம்மை உள்ளே சேர்க்காத கூட்டணியைத் தம்மோடு பேச வைத்துவிட்டார் டால்மியா. தொழில் உலகில் அவர் பெற்ற வெற்றிகளிலேயே மிகச் சுத்தமான வெற்றி இதுதான் என்பேன். இதில் அவர் எதையும் வாங்கவில்லை, கட்டினார். இன்னும் சரியாகச் சொன்னால், ஜெய்தயாள் கட்டினார்.

கல்லக்குடி ஆலை 1939-இல் தொடங்கியது. ஆலையோடு குடியிருப்பும், ரயில் நிலையப் பெயர்ப்பலகையும் வந்தன. ஊர் டால்மியாபுரம் ஆயிற்று. மானாவாரிச் சாகுபடியை நம்பியிருந்த ஒரு வட்டாரத்துக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று அந்த ஆலையோடு வந்தது என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில், ஊரின் பெயரை எடுத்துக்கொள்ள யாரையும் கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை என்பதும் உண்மை. மண்ணின் கீழ் இருந்த கல்லை வாங்கியவர்கள் மண்ணின் மேல் இருந்த பெயரும் அந்த விலையில் அடக்கம் என்று எண்ணினார்கள்.

ஆனால் டால்மியாவின் மனம் கல்லக்குடியில் இல்லை. 1936-இல் லாகூரின் பாரத் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அவர் கைக்கு வந்திருந்தது. 1896-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர் பஞ்சாபின் புகழ்பெற்ற தொழிலதிபர் லாலா ஹர்கிஷன் லால். 1919-இல் ராணுவச் சட்டத்தின் கீழ் சிறை சென்று, பின்னர் மாகாண அமைச்சராகி, கடைசியில் வங்கி வீழ்ந்து திவாலாகி மறைந்தவர் அவர். தாம் வாங்கிய நாற்காலியில் முன்பு அமர்ந்திருந்தவரின் கதையை டால்மியா கவனித்துப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிமென்ட் ஆலையில் போட்ட பணம் கல்லாகவும் இரும்பாகவும் நிற்கும். காப்பீட்டு நிறுவனம் அப்படியல்ல. மாதந்தோறும் ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்களிடமிருந்து ரொக்கம் வந்துகொண்டே இருக்கும். திருப்பித் தரவேண்டிய நாளோ வெகு தூரத்தில் இருக்கும். ஊக வணிகரின் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாரத் வங்கியையும் தொடங்கினார். பிறருடைய சேமிப்பு வந்து சேரும் இரண்டு வாய்க்கால்கள் அவர் கையில் இருந்தன.

1946-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழை நடத்திவந்த பென்னட் கோல்மன் நிறுவனத்தை டால்மியா வாங்கினார். விலை ஏறத்தாழ 2 கோடி ரூபாய். வெள்ளையர் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். விற்பவருக்கு அவசரம், வாங்குபவருக்கு ஆசை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள் இந்தியர் கைக்கு வந்தது என்று தேசம் மகிழ்ந்தது. அதற்கான பணம் வங்கியிலிருந்தும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்தும் புறப்பட்டு, பல நிறுவனங்களின் வழியே சுற்றி வந்தது என்பது பின்னரே வெளியானது. போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் பம்பாயின் இரண்டு பஞ்சாலைகள், லாகூர் மின்வழங்கு நிறுவனம் எனப் பலவும் குழுமத்தின் பிடிக்குள் வந்தன. டால்மியா ஜெயின் ஏர்வேஸ் என்ற புதிய விமான நிறுவனத்தில் பொதுமக்கள் பங்குப் பணம் போட்டனர். ஒரு நிறுவனம் அடுத்த நிறுவனத்தை எட்டிப் பிடிக்க உதவும் ஏணிப்படியாகவே அவருக்கு இருந்தது. படியில் நின்று யாரும் குடித்தனம் நடத்துவதில்லை.

அவர் முரண்களின் மூட்டை. பசுப் பாதுகாப்புக்காகத் தீவிரமாகக் குரல் கொடுத்தவர். அவரே முகமது அலி ஜின்னாவின் நண்பர். 1947-இல் ஜின்னா கராச்சிக்குப் புறப்பட்டபோது தம் தில்லி மாளிகையை விற்றது டால்மியாவுக்குத்தான். உலக அரசு பற்றிப் பேசினார், எழுதினார். ஆறு முறை மணம் செய்துகொண்டார். நேருவை வெளிப்படையாக எதிர்த்தார். பிரதமருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. பிரிவினையில் தண்டோட், கராச்சி ஆலைகள் எல்லைக்கு அப்பால் போயின.

சுதந்திரத்தை ஒட்டிய அதே காலத்தில்தான் குழுமமும் உடைந்தது. தம்பியும் மருமகனும் தனித்தனியே பிரிந்தனர். டால்மியா நகரும் ரோத்தாஸும் சாந்தி பிரசாத் ஜெயினுக்கு. கல்லக்குடி ஆலை ஜெய்தயாளுக்கு. காப்பீடும் செய்தித்தாளும் அண்ணனுக்கு. பாகப் பிரிவினையில் ஒவ்வொருவரும் தத்தம் குணத்துக்கு ஏற்றதையே எடுத்துக்கொண்டார்கள். கட்டுபவருக்குச் சுண்ணாம்புக்கல்லும், பந்தயக்காரருக்குப் பிறர் பணமும் கிடைத்தன. அதுவரை அண்ணனின் வேகத்துக்குக் கடிவாளமாக இருந்த இருவரும் அவர் பக்கத்தில் இல்லாமல் போனதே இந்தப் பிரிவின் பெரிய இழப்பு. சொத்து மதிப்பீட்டில் இதற்கு ஒரு பைசாவும் போட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே நம் கதைக்குள் தமிழக அரசியல் வருகிறது. 1953 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் மும்முனைப் போராட்டத்தை அறிவித்தது. ராஜாஜியின் கல்வித் திட்டத்துக்கும், நேருவின் பேச்சுக்கும், டால்மியாபுரம் என்ற பெயருக்கும் எதிரான போராட்டம் அது. ஜூலை 15 அன்று மு. கருணாநிதி தலைமையில் தொண்டர்கள் நிலையத்தின் பெயர்ப்பலகையில் கல்லக்குடி என்ற தாளை ஒட்டினார்கள், தண்டவாளத்தில் படுத்தார்கள். கைது, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி என்று அந்த நாள் முடிந்தது. கருணாநிதிக்கு ஆறு மாதச் சிறை. எந்த மனிதரின் பெயரை எதிர்த்து அந்த இளைஞர்கள் தண்டவாளத்தில் படுத்தார்களோ, அவருக்கும் அந்த ஆலைக்கும் அப்போது தொடர்பு விட்டுப்போயிருந்தது. உரிமை தம்பிக்குப் போயிருந்தது. பலகையில் மட்டும் குடும்பப் பெயர் நின்றது. இதனால் போராட்டத்தின் நியாயம் குறைந்துவிடவில்லை. ஓர் ஊரின் பெயர் ஒரு குடும்பத்தின் முத்திரை ஆகலாமா என்பதே அங்கே எழுப்பப்பட்ட கேள்வி. உரிமையாளர் அண்ணனா தம்பியா என்பது அதற்குப் பொருட்டல்ல. கழகம் ஆட்சிக்கு வந்த பின்னர் ரயில் நிலையம் தன் பெயரை மீட்டது. நிலவியலார் மட்டும் அங்கே கிடைக்கும், சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறை அடுக்கை இன்றும் டால்மியாபுரம் படிவம் என்றே எழுதிவருகிறார்கள்.

கல்லக்குடியில் பெயர் எதிர்க்கப்பட்ட இரண்டே ஆண்டுகளில் தில்லியில் அந்த மனிதரே சரியத் தொடங்கினார். பங்குச் சந்தை ஊகத்தில் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டப் பாரத் இன்ஷூரன்ஸின் பணம் எடுக்கப்பட்டிருப்பது 1955-இல் தணிக்கையில் வெளிப்பட்டது. 2 கோடி ரூபாய்க்கு மேல். பத்திரங்கள் வாங்கியதாகவும் விற்றதாகவும் கணக்குகள் எழுதப்பட்டிருந்தன. பணம் பெயரளவிலான ஒரு நிறுவனத்தின் வழியாக ஊக வணிகம் செய்த நிறுவனத்துக்குப் போயிருந்தது. பழைய வெள்ளிச் சூதின் அதே கணக்குத்தான். ஒரு வேறுபாடு மட்டும் இருந்தது. அன்று பந்தயத்தில் வைத்தது தம் பணம்; இன்று வைத்தது விதவைகளுக்கும் குழந்தைகளுக்கும் உரிய பணம். பள்ளத்தை நிரப்பப் பணம் வேண்டியிருந்தது. பென்னட் கோல்மன் மருமகன் கைக்குப் போனது.

1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, காப்பீட்டுப் பணம் எந்தெந்த நிறுவனங்களின் வழியே எங்கே போனது என்பதை அவையின் முன் படிப்படியாக விரித்துக் காட்டினார். பிரதமரின் மருமகன், தொழிலதிபரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்தார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு அவசரச் சட்டத்தின் மூலம் எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. அதற்கு டால்மியா மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. நாட்டுடைமைக் கொள்கை முன்பே காங்கிரஸின் மனத்தில் இருந்தது. ஆனால் தயக்கத்தை உடைத்த காரணங்களுள் அவர் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. நிறுவனங்களை வாங்கிக் குவித்தவர், தம்மை அறியாமலே இந்தியாவின் மிகப் பெரிய நிறுவன இணைப்புக்கு வழி திறந்தார்.

இதைப் படித்துவிட்டு, தனியார் கை கெட்டது, அரசு கை நல்லது என்று முடிவு செய்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். புதிய எல்.ஐ.சி.யின் பணம் 1957-இலேயே ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டது. அதையும் அவையில் எழுப்பியவர் பெரோஸ் காந்திதான். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகியவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கல்லாப்பெட்டி யாருடையதாயினும் சாவி வைத்திருப்பவர் யார் என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதை நாடாளுமன்றம் மூன்றே ஆண்டுகளில் இரண்டு முறை கண்டது.

1956 டிசம்பரில் டால்மியா - ஜெயின் நிறுவனங்கள் ஒன்பதை ஆராய ஆணையம் அமைக்கப்பட்டது. தம்மை மட்டும் குறிவைப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று டால்மியா உச்சநீதிமன்றம் சென்றார். 1958-இல் தோற்றார். அந்தத் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் அரசமைப்பின் 14-ஆவது பிரிவுக்கு அடிப்படை விளக்கமாகப் படிக்கிறார்கள்; அவர் விட்டுச்சென்றவற்றுள் நீண்ட நாள் வாழும் சொத்து அதுவாகவே இருக்கலாம். டெண்டோல்கருக்குப் பின் விவியன் போஸ் தலைமையில் ஆணையம் விசாரித்து அறிக்கை தந்தது. சிறு பங்குதாரர்களின் பணத்தில் பெரிய பிடியை எப்படி அமைக்கலாம் என்பதன் விரிவான பாடநூல் அது. அதன் விளைவாக நிறுவனச் சட்டமும் திருத்தப்பட்டது. காப்பீட்டுப் பண வழக்கு 1962-இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது; ஈராண்டுச் சிறைத் தண்டனை உறுதியாயிற்று. எழுபதை நெருங்கிய வயதில் தில்லித் திகார் சிறைக்குப் போனார்.

அவரைப் பழிவாங்கினார்கள் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நேருவை எதிர்க்காதிருந்தால் இத்தனை வேகம் காட்டப்பட்டிருக்குமா என்பது நியாயமான ஐயமே. ஆயினும் பாலிசிதாரர்களின் பணத்தில் விழுந்த ஓட்டை அரசியல் பகையால் விழுந்ததன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

விடுதலைக்குப் பின் அவர் தொழில் உலகில் எழவில்லை. 1978 செப்டம்பரில் மறைந்தார். மகள் ரமாவும் மருமகனும் 1944-இல் நிறுவிய பாரதிய ஞானபீடம், 1975-ஆம் ஆண்டுக்கான விருதைத் தமிழின் அகிலனுக்கு வழங்கியிருந்தது. ஒரு தமிழ் ஊரின் பெயரை மறைத்த குடும்பம் தமிழ் நாவலுக்கு நாட்டின் உயரிய இலக்கிய விருதை அளித்தது; இதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சோன் ஆற்றங்கரை டால்மியா நகரின் ஆலைகள் 1984-இல் மூடப்பட்டன. சாந்தி பிரசாத் ஜெயின் அப்போது உயிருடன் இல்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நிலுவைச் சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். குடியிருப்புகளில் புதர் மண்டியது. கல்லக்குடி ஆலையோ ஓடிக்கொண்டிருந்தது. ஜெய்தயாளின் வழிவந்தவர்கள் பின்னர் அரியலூரை ஒட்டிய தாமரைக்குளத்தில் இன்னோர் ஆலையை எழுப்பினார்கள்.